ஷன்ட் வைத்த குழந்தையோடு அமெரிக்கா வந்திருக்கும் தம்பிக்கு

தம்பி, டாலஸ் வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, குறைமாதத்தில் பிறந்த பையனுக்கு மூளையில் நீர் கோத்துக் கோவையிலேயே ஷன்ட் (அந்த நீரை வடிக்கும் குழாய்) வைத்தாயிற்று, 9 மாதமாகியும் உட்காரவில்லை, இங்கே தெரப்பி செலவுக்குப் பயந்து ஊருக்கே திரும்பிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். டிக்கெட் பார்ப்பதற்கு முன்னால் டெக்சாஸின் இசிஐக்கு (Early Childhood Intervention) ஃபோன் பண்ணுங்கள்.

மூன்று வயதுக்குள் வளர்ச்சியில் பின்தங்கும் குழந்தைகளுக்கான திட்டம் அது. 1986இல் வந்த அமெரிக்க மத்திய அரசுச் சட்டத்தால் எல்லா மாநிலங்களிலும் இருக்கிறது, பெயர்தான் மாறும். கலிபோர்னியாவில் எர்லி ஸ்டார்ட் என்பார்கள். டாக்டர் சீட்டு தேவையில்லை, பெற்றோரே கூப்பிடலாம், விசாவும் தடையில்லை. மதிப்பீடு இலவசம். 45 நாளுக்குள் குழந்தையைப் பார்த்து, என்ன தெரப்பி, வாரம் எத்தனை முறை என்று உங்களோடு உட்கார்ந்து எழுதியாக வேண்டும். பிறகு வரும் தெரப்பிக்கு டெக்சாஸில் வருமானத்தைப் பொறுத்துக் கட்டணம் உண்டு. தெரப்பிஸ்ட் பெரும்பாலும் வீட்டுக்கே வருவார்.

உட்காரவில்லை என்ற கவலைக்கு வருகிறேன். எட்டு வாரம் முந்திப் பிறந்தவன் என்றால் இப்போது அவனை 7 மாதக் குழந்தையாகத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். தலை கனம் வேறு. கழுத்தும் முதுகும் தாங்கப் பழக நாளாகும். அதற்காக ஊரிலிருந்து பாட்டி வாக்கர் வாங்கி அனுப்பினால் பரணில் போட்டுவிடுங்கள் (கனடா 2004இலேயே அதைத் தடை செய்துவிட்டது). சர்ஜன் சரி என்றால் விழித்திருக்கும் நேரத்தில் குப்புறப் போட்டு விளையாட விடுங்கள், அதுதான் பலம்.

பேச்சு விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். என் மகளுக்கும் ஷன்ட்தான். மூன்று வயதில் வாய் ஓயாமல் பேசுவாள், சொந்தக்காரர்கள் எல்லாம் இவளுக்கு என்ன குறை என்றார்கள், ஆனால் நான்கு கட்டையை அடுக்க வராது, கேட்ட கேள்விக்குப் பதில் வேறு எங்கோ போகும். இந்தக் குழந்தைகள் பலரிடம் இப்படி உண்டு. அதனால் நடப்பதை மட்டும் பார்க்காமல் கை வேலைக்கு ஆக்குபேஷனல் தெரப்பி, மாறுகண் இருக்கிறதா என்று கண் பரிசோதனை, இரண்டையும் கேட்டு வாங்குங்கள். வீட்டில் தமிழை நிறுத்தச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்க வேண்டாம், இரண்டு மொழியால் பேச்சு தாமதமாகாது.

தெரப்பியைவிட அவசரமானது நியூரோசர்ஜன். சிக்கல் வரும்வரை காத்திராமல் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில் இப்போதே பதிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் குழந்தைகளுக்கு வைக்கும் ஷன்டுகளில் ஏறக்குறைய பாதி இரண்டு வருடத்துக்குள் பழுதாகிறது. திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்ப முடியாத தூக்கம், உச்சிக்குழி புடைப்பது, கண் கீழ்நோக்கிச் செருகுவது என்றால் நேரே எமர்ஜென்சிக்குப் போய்விடுங்கள். நேற்றுவரை உருண்டு படுத்தவன் இன்று உருளவில்லை என்றாலும் அன்றே சர்ஜனைக் கூப்பிட வேண்டும். கோவையில் வைத்த ஷன்டில் நீர் வடிவதைக் கட்டுப்படுத்தும் வால்வின் பெயர், அழுத்த அளவு, பழைய ஸ்கேன், தலைச் சுற்றளவு எழுதிய அட்டை, எல்லாவற்றையும் தருவித்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து அழுத்தம் மாற்றக்கூடிய வால்வாக இருந்தால் ஒவ்வொரு எம்ஆர்ஐக்குப் பிறகும் அதைச் சரிபார்க்கச் சொல்ல வேண்டும்.

திரும்பிப் போவது தப்பே இல்லை. தாத்தா பாட்டி கை உதவிக்கு இங்கே ஈடு கிடையாது, ஊரிலும் அரசின் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. மதிப்பீட்டை மட்டும் முடித்து, அறிக்கையைக் கையில் வாங்கிக்கொண்டு முடிவு செய்யுங்கள். இங்கேயே இருப்பதாக இருந்தால், மூன்றாவது பிறந்தநாளோடு இசிஐ நின்று பொறுப்பு பள்ளி மாவட்டத்துக்கு (உங்கள் பகுதி அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) போய்விடும், அதற்கான கூட்டத்தை 90 நாள் முன்னதாகவே கேளுங்கள்.