தங்கச்சிட புருசன் காருக்குப் பிணை கேக்கிறார், மாட்டன் எண்டு சொல்ல வாய் வருகுதில்ல

வணக்கம் மேடம். நான் களுவாஞ்சிக்குடிப் பக்கம் படிப்பிக்கிறன், வயசு 39, ரெண்டு பிள்ளைகள், இவர் கத்தார்ல. ஊர் பேரை சரியா போட்டுறாதீங்க, எங்கட பக்கம் ஒரு கதை ஒழுங்கைக்குள்ள போனா கடற்கரை வரைக்கும் போய்த்தான் நிக்கும்.

என்ட தங்கச்சிட புருசன் பாசிக்குடாவில ஹோட்டல் டிரைவரா இருந்தவர், இப்ப சொந்தமா ஹயர் ஓடோணும் எண்டு ஒரு வேகன் ஆர் பார்த்து வச்சிருக்கார். கைக்காசு போக 30 லட்சம் லீசிங், 5 வருசம், மாசம் 70 ஆயிரம் கிட்ட கட்டோணுமாம். கம்பனி ரெண்டு பேர் பிணை கேக்குது, ஒராள் கவர்மென்ட் உத்தியோகமா இருக்கோணுமாம், எங்கட குடும்பத்தில கவர்மென்ட் சம்பளம் எடுக்கிறது நான் மட்டும்தான். "மச்சாள், சம்பள சிலிப்பும் ஐடி கொப்பியும் கரண்ட் பில்லும் தந்தா போதும், மத்ததெல்லாம் நான் பார்க்கிறன்" எண்டு போமை தந்துட்டுப் போனவர். நான் பாப்பம் எண்டு மட்டும் சொன்னன். அந்தப் போம் பிரிஜ்ஜுக்கு மேல கிடக்கு, நான் கையெழுத்து வைக்கிற இடத்தில பென்சிலால சின்னதா ஒரு புள்ளடி போட்டிருக்கார், தண்ணிப் போத்தல் எடுக்கப் போகேக்க எல்லாம் அதுதான் கண்ணில படுது.

அவர் கெட்ட மனுசன் இல்ல மேடம். என்ட மூத்தவனுக்கு டெங்கு வந்து மட்டக்களப்பு ஆஸ்பத்திரில கிடந்த நேரம் ராத்திரி பகலா நிண்டவர். அதைத்தான் அம்மா சொல்லிக் காட்டுறா. "ஒரு கையெழுத்துத்தானேகா, கையா கேக்கிறான்" எண்டுறா. அம்மா இருக்கிறது அடுத்த வளவில, மீன் ஆணம் வச்சா வேலிக்கு மேலால ஒரு கோப்பை வரும், இப்ப அதுவும் இல்ல, கதையும் இல்ல. எனக்கு நித்திரை இல்ல, வகுப்பில பிள்ளைகளோட சும்மா எரிஞ்சு விழுறன். எனக்கு ஏற்கனவே வீட்டுக் கடன் சம்பளத்தில வெட்டுறாங்க. இவர் வேணாம் எண்டுட்டார் எண்டு ஒரு பொய்யைச் சொல்லித் தப்புவமா எண்டு யோசிக்கிறன். என்ன செய்ய?

பதில்:

தங்கச்சி, முதல்ல அந்தப் பொய்யை விடுங்க. இண்டைக்கு இவர் வேணாமாம் எண்டு சொன்னீங்க எண்டா ராவைக்கே வட்ஸ்அப்ல கத்தாருக்கு கோல் போகும், அவர் பாவம் டியூட்டி முடிஞ்சு வந்து படுக்கிற நேரம் மாமிக்கு பதில் சொல்லிக்கொண்டிருக்கோணும், மறுகா உங்கட வீட்டில வில்லன் அவர்தான். அதோட காரணம் எண்டு ஒண்டைச் சொன்னா அந்தக் காரணத்தை உடைக்கத்தான் எல்லாரும் வருவாங்க.

உங்கட கடிதத்தில அம்மா, மச்சான், தங்கச்சி எல்லார்ட மனசும் இருக்கு. மச்சான் கட்டாட்டி மாசம் 70 ஆயிரத்துக்கு நீங்க எங்க போவீங்க எண்டு ஒரு வரி இல்ல. நித்திரை வராததுக்கு அதுதான் காரணம் எண்டு நான் நினைக்கிறன், கணக்கு உங்களுக்கு உள்ளுக்குள்ள தெரியும், வாயால சொல்லத்தான் பயம்.

கணக்கைச் சொல்றன். லீசிங் வாகனத்தில முழு உரிமைக்காரரா பதிவுப் புத்தகத்தில இருக்கிறது கம்பனி, மச்சான் பதிவுக்கு மட்டும் உரிமைக்காரர், நீங்க அதில எங்கயும் இல்ல. காரை ஓடவும் ஏலாது விக்கவும் ஏலாது, கடன் மட்டும் உங்களுக்கும் சொந்தம். கட்டாட்டி காரை சீஸ் பண்ணி விப்பாங்க, வித்த காசு காணாட்டி மிச்சத்தை அவர்ட்டயும் கேப்பாங்க, பிணை வச்ச ஆக்கள்ட்டயும் கேப்பாங்க. "முதல்ல கடன்காரன்ட்ட எடுங்க, மறுகா என்ட்ட வாங்க" எண்டு சொல்ற உரிமை நம்மட ரோமன் டச்சுச் சட்டத்தில பிணையாளிக்கு இருக்கு, ரெண்டு பேர் நிண்டா பங்கு போட்டுக் கேளுங்க எண்டும் சொல்லலாம், ஆனா அச்சடிச்ச போம்ல அந்த உரிமைகளை விட்டுக்குடுக்கிறன் எண்டு ஒரு பந்தி வழமையா இருக்கும். பிரிஜ்ஜுக்கு மேல கிடக்கிறதை எடுத்து அதைத் தேடிப் பாருங்க, புள்ளடியைப் பார்த்தது போதும். நம்மட பக்கம் வீட்டு உறுதி பெரும்பாலும் பொம்பிளைப் பிள்ளைட பேர்ல, வழக்கு தீர்ந்து கட்டளை வந்தா கை வைக்கிற சொத்து அதுவாவும் இருக்கலாம். ஆருக்கு என்ன கடன் இருக்கு எண்டு பேங்குகள் பார்க்கிற கிரிப் ரிப்போட்லயும் நீங்க பிணை நிண்ட கடன் வரும், நாளைக்கு உங்கட மகன்ட படிப்புக்கு பேங்குக்குப் போனா அதையும் பார்ப்பாங்க. இடையில மனசு மாறி விலகுறன் எண்டாலும் கம்பனி சம்மதிக்கோணும்.

மச்சான் நல்லவர் எண்டுறீங்க, நம்புறன். 2022ல கட்ட ஏலாமப் போன எல்லாரும் கள்ளரா? பெற்றோல் தட்டுப்பாட்டில கியூஆர் பங்கீடு வந்த தொடக்கத்தில காருக்கு கிழமைக்கு 20 லீட்டர், அதை வச்சுக்கொண்டு மட்டக்களப்பில இருந்து கட்டுநாயக்கா போய்த் திரும்புறதே இழுபறி, ஹயர்காரன் என்ன செய்வான். நல்ல மனுசருக்கும் ஒரு மோசமான வருசம் வரும், அப்ப கம்பனி கோல் எடுக்கிறது உங்களுக்கு.

ஆஸ்பத்திரிக் கதை பெரிய விசயம், அதைச் சின்னதாக்காதீங்க. நன்றிக்கடன் இருக்குத்தான். ஆனா அதை எப்பிடித் தீர்க்கிற எண்டு முடிவெடுக்கிறது நீங்க, அம்மா இல்ல. கையெழுத்து எண்டது தொகை எழுதாம குடுக்கிற செக் மாதிரி. திரும்பி வராட்டியும் மனசு நோகாது எண்ட அளவுக்கு, ஒரு லட்சமோ அதுக்கும் குறைவோ, இவரோட கதைச்சு கைக்காசுக்கு சேர்த்துக் குடுங்க. அதோட முடிஞ்சுது எண்டு உங்களுக்கும் தெரியும் அவருக்கும் தெரியும்.

சொல்றது அம்மாவுக்கு இல்ல, மச்சானுக்கு நேர, தங்கச்சியும் இருக்கேக்க. "மச்சான், பிணை நான் ஆருக்கும் வைக்கிறல்ல, இது உங்களை நம்பாம இல்ல, என்னால ஏலுற உதவி இது" எண்டு சொல்லி காசைச் சொல்லுங்க, போமைத் திருப்பிக் குடுங்க. ஏன் ஏன் எண்டு கேட்டா இதையே திருப்பிச் சொல்லுங்க, புதுசா ஒண்டும் சேர்க்காதீங்க. பாப்பம் எண்டு மட்டும் இனி வாயில வரக்கூடாது, அவர் அதை நம்பிக்கொண்டு அட்வான்சும் குடுத்துருவார்.

அம்மா கொஞ்ச நாளைக்கு முகத்தைத் தூக்கிக்கொண்டுதான் இருப்பா. இருக்கட்டும். நீங்க வழமை போல போங்க, மருந்து எடுத்தாச்சா எண்டு கேளுங்க, கார்க் கதை எடுத்தா மட்டும் எழும்பி வாங்க. இதெல்லாம் செய்த பிறகும் நித்திரை வராட்டி ஆஸ்பத்திரி மனநலக் கிளினிக்குக்கு ஒருக்கா போங்க, வெட்கப்பட ஒண்டும் இல்ல, டீச்சர்மார் நிறையப் பேர் வாறவங்க.

அவர் வேற ஆளைப் பிடிச்சு காரை எடுத்தாலும் எடுப்பார். மாமாங்கப் பிள்ளையார்ட்ட பூசைக்குக் கொண்டு போற அண்டைக்கு உங்களைக் கூப்பிடாட்டியும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்க, தேங்காயை நீங்களே வாங்கிக்கொண்டு போங்க.