மாதவிலக்கு வலி: வாசகியர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. பெரியவளாகி முதல் ஒரு வருடம் வலியே இல்லை. இப்போது முதல் நாளில் சுருண்டு படுத்துவிடுகிறாள். வாந்தி, வயிற்றுப்போக்குகூட வருகிறது. ஏதாவது கோளாறா?

பெரும்பாலும் இல்லை. ஆரம்ப மாதங்களில் கருமுட்டை வெளிவராமலேயே மாதவிலக்கு வந்துபோவதுண்டு. அப்போது வலி அவ்வளவாக இருக்காது. முட்டை ஒழுங்காக வெளிவரத் தொடங்கிய பிறகுதான் வலியும் தொடங்கும். கருப்பையின் உட்புறச் சவ்வில் உண்டாகும் புராஸ்டாகிளாண்டின் என்ற பொருள், கருப்பைத் தசையை இறுக்கிப் பிழிகிறது. அந்த இறுக்கத்தில் ரத்தக்குழாய்கள் நசுங்கி, தசைக்குப் போகும் ஆக்சிஜன் குறைகிறது. வலி அதனால்தான். இதே பொருள் ரத்தத்தில் கலந்து குடலையும் முடுக்கிவிடுவதால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வருகின்றன. இரண்டு, மூன்று நாளில் தானாக அடங்கும்.

ஆனால், "எல்லாப் பெண்களுக்கும் இருப்பதுதான், பொறுத்துக்கொள்" என்று மகளிடம் சொல்லாதீர்கள். பள்ளிக்குப் போக முடியாத அளவு வலிக்கு வைத்தியம் தேவை. கீழே சொல்வதையெல்லாம் வலி உச்சத்துக்குப் போகும் முன்பே தொடங்க வேண்டும். புராஸ்டாகிளாண்டின் நிறையச் சேர்ந்துவிட்ட பிறகு மாத்திரைக்கும் பலன் குறைவு.

கேள்வி: ஹாட் வாட்டர் பேக் வைத்தால் தோல் எரிகிறது, எடுத்துவிட்டால் வலி திரும்பிவிடுகிறது. எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் வைக்கலாம்?

தோலில் படும் சூடு 40 டிகிரி செல்சியஸை ஒட்டி இருந்தால் போதும். 2001-ல் வெளியான ஓர் ஆய்வில், சுமார் 39 டிகிரி சூடு தரும் பட்டையை 12 மணி நேரம் அடிவயிற்றில் கட்டியபோது, 400 மில்லிகிராம் ஐபுபுரூஃபன் என்ற வலி மாத்திரையை மூன்று வேளை சாப்பிட்டதற்கு இணையான நிவாரணம் கிடைத்தது. கவனியுங்கள்: வேலை செய்தது கடும் சூடு இல்லை, மிதமான சூடு நீண்ட நேரம் இருந்ததுதான்.

கொதித்த நீரை அப்படியே ஊற்றாதீர்கள். அடுப்பிலிருந்து இறக்கி 5 முதல் 10 நிமிடம் ஆறவிட்டு, பையில் மூன்றில் இரண்டு பங்கு மட்டும் நிரப்புங்கள். பையை மேஜையில் கிடத்தி மெதுவாக அழுத்தினால் காற்று வெளியேறும். கழுத்துவரை நீர் ஏறியதும் மூடியைத் திருகுங்கள். காற்று வெளியேறிவிட்டால் பை உப்பிக்கொண்டு நிற்காமல் வயிற்றோடு படிந்து கிடக்கும். தொட்டிக்கு மேல் தலைகீழாகப் பிடித்துக் கசிவு பார்த்த பிறகே துண்டில் சுற்றி வையுங்கள். 15 முதல் 20 நிமிடம் வைத்து, சற்று இடைவெளி விட்டு மறுபடி வைக்கலாம். இடுப்பு வலித்தால் முதுகின் கீழ்ப்பகுதியிலும் வைக்கலாம்.

வலி நிவாரணத் தைலம் தடவிய இடத்தில் பையை வைக்காதீர்கள், தோல் வெந்துவிடும். பையை வைத்தபடி தூங்குவதும் ஆபத்து. மாதாமாதம் அதிகச் சூட்டில் வைப்பவர்களுக்கு வயிற்றில் வலைபோலப் பழுப்புக் கோடுகள் விழும். அப்படித் தெரிந்தால் சூடு கூடிவிட்டது என்று அர்த்தம். ரப்பரில் வெடிப்பு கண்டால் பையைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

கேள்வி: இஞ்சி டீ குடித்துப் பார்த்தேன், ஒன்றும் கேட்கவில்லையே?

அளவு போதாமல் இருந்திருக்கும். ஆய்வுகளில் பலன் தந்தது நாளொன்றுக்கு சுமார் ஒன்று முதல் இரண்டு கிராம் சுக்குப் பொடி. அதாவது ஒரு வேளைக்குக் கால் தேக்கரண்டி, நாளுக்கு மூன்று வேளை. ஒரு டம்ளர் வெந்நீரில் கலக்கிக் குடிக்கலாம். பொடி அடியில் தங்கிவிடும். அதைக் கொட்டிவிட்டால் மருந்தில் பாதி போய்விட்டது. கலக்கிக் கலக்கிக் குடியுங்கள். பச்சை இஞ்சியில் பெரும்பங்கு நீர்தான் என்பதால், அதே பலனுக்கு நாலைந்து மடங்கு எடை வேண்டும்.

உதிரம் பட்டதுமே, முடிந்தால் முந்தின நாளே ஆரம்பித்து மூன்று நாள் தொடருங்கள். வெறும் வயிற்றில் குடித்தால் நெஞ்செரிச்சல் வரும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

கேள்வி: மாத்திரை போட்டால் கர்ப்பப்பை கெட்டுவிடும் என்கிறார்களே?

கெடாது. ஐபுபுரூஃபன், மெஃபனாமிக் ஆசிட் இரண்டும் புராஸ்டாகிளாண்டின் உண்டாவதைத் தடுப்பவை. ஏற்கெனவே உண்டானதை அவற்றால் அழிக்க முடியாது. தாங்க முடியாமல் போனபின் போடுகிறவர்கள் "மாத்திரையும் கேட்கவில்லை" என்பது இதனால்தான். பெரியவர்களுக்கு ஐபுபுரூஃபன் 400 மில்லிகிராம், சாப்பிட்ட பிறகு, 8 மணி நேரத்துக்கு ஒருமுறை, இரண்டு மூன்று நாள் போதும். இரண்டு மாத்திரைகளையும் சேர்த்துப் போடாதீர்கள். ஒரே வகை மருந்துதான். வயிற்றுப் புண், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பமாக இருக்க வாய்ப்புள்ளவர்களும் மருத்துவரைக் கேட்ட பிறகே போட வேண்டும். சிறுமிகளுக்கு அளவை மருத்துவரே சொல்லட்டும்.

கேள்வி: உடற்பயிற்சி உதவுமா?

உதவும், ஆனால் அன்றைக்கு மட்டும் செய்தால் போதாது. வாரத்தில் மூன்று நாள், 45 முதல் 60 நிமிடம், நடையோ யோகாவோ எதுவானாலும் சரி. பலன் தெரிய இரண்டு, மூன்று மாதம் ஆகும்.

கேள்வி: எனக்கு 32 வயது. இதுவரை இல்லாத வலி ஒரு வருடமாக இருக்கிறது, மாதாமாதம் கூடுகிறது. மலம் கழிக்கும்போதும் வலிக்கிறது. ஒத்தடம் போதுமா?

போதாது. இந்த வயதில் புதிதாகத் தொடங்கிக் கூடிக்கொண்டே போகும் வலிக்குக் காரணம் தேட வேண்டும். எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உட்புறச் சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வது), கருப்பைக் கட்டி போன்றவை இருக்கலாம். மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். ஸ்கேன் சரியாக இருந்தாலும் எண்டோமெட்ரியோசிஸ் இல்லை என்று முடிவாகிவிடாது. வலி தொடர்ந்தால் மறுபடி கேளுங்கள். நாப்கின் மணிக்கொருமுறை நனைந்துபோனாலோ, காய்ச்சலோடு துர்நாற்றமுள்ள கசிவு இருந்தாலோ, நாள் தள்ளிப்போய் ஒருபக்கம் மட்டும் கடுமையாக வலித்தாலோ அன்றே போய்விடுங்கள். மற்றபடி, போகும் முன் வலி தொடங்கிய நாள், முடிந்த நாள், எந்த இடம், என்ன மாத்திரை, எத்தனை நாப்கின் என்று தேதிவாரியாகக் குறித்து எடுத்துச் செல்லுங்கள்.