பொலிஸில் தமிழ் எழுத ஆளில்லையா? ஆளணிக் கணக்கைக் கேட்கும் முறை

கேள்வி: திருகோணமலை மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். முறைப்பாடு கொடுக்கப் போனால், "தமிழ் எழுதுறவர் லீவு, நாளைக்கு வாங்கோ" என்கிறார்கள். நீதிமன்றத்தில் உள்ள வழக்கும் தவணை மேல் தவணையாகப் போகிறது. எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கம் தகவல் அறியும் சட்டத்தின்கீழ் "எத்தனை பொலிஸார் இருக்கிறார்கள்" என்று கேட்டது. தேசிய பாதுகாப்பு என்று சொல்லி மறுத்துவிட்டார்கள். இனி என்ன செய்வது?

பதில்: முதலில், "நாளைக்கு வாங்கோ" என்பதை ஏற்றுக்கொண்டு திரும்பாதீர்கள். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 109ஆம் பிரிவின்படி, வாய்மொழியாகச் சொல்லும் முறைப்பாட்டைச் சொன்ன மொழியிலேயே எழுதி வாசித்துக் காட்ட வேண்டும். அந்த மொழியில் எழுத அதிகாரியால் முடியாவிட்டால், உங்களையே எழுதித் தரச் சொல்ல வேண்டும். உங்களுக்கும் எழுத வராது என்றால்தான் வேறு தேசிய மொழியில் எழுதலாம். அப்போதும் அதற்கான காரணத்தைப் பதிந்து, உங்களுக்கு விளங்கும் மொழியில் சொல்லிக் காட்ட வேண்டும். ஆகவே முறைப்பாட்டை வீட்டிலேயே தமிழில் எழுதி, இரண்டு பிரதிகளுடன் போங்கள். விளங்காத மொழியில் எழுதியதை விளக்கிச் சொல்லாமல் நீட்டினால் கையெழுத்து வைக்காதீர்கள். வழக்குக்கு வரும்போது அந்த வாக்குமூலத்தைத்தான் உங்கள் முன்னால் விரிப்பார்கள்.

இனி ஆளணி. "எத்தனை பொலிஸார்" என்ற கேள்விக்கு விடை கிடைத்திருந்தாலும் பயன் குறைவு. அங்கீகரிக்கப்பட்ட ஆளணி, அதாவது நிலையத்துக்கு ஒதுக்கிய பதவிகளின் தொகை, ஒரு எண்; நியமனத்தில் உள்ளவர்கள் இன்னொரு எண். அவர்களிலும் வேறிடத்துக்கு இணைப்பில் (நியமனம் இங்கே, வேலை அங்கே) போனவர், பயிற்சியில் இருப்பவர், பிரசவ லீவில் இருப்பவர், பணி இடைநிறுத்தப்பட்டவர் எல்லோரும் பெயரளவில் உங்கள் நிலையத்தின் கணக்கில்தான் இருப்பார்கள். இதைப் பிரித்துக் கேட்காவிட்டால் "வெற்றிடம் குறைவு" என்று ஒரு வரியில் பதில் வரும், நீங்களும் அதை நம்ப வேண்டியிருக்கும்.

ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். முறைப்பாட்டு மேசையில் தமிழ் எழுதத் தெரிந்த ஒருவர் 24 மணி நேரமும் இருக்க வேண்டுமென்றால் வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் 8 மணி நேரப்படி 6 நாள் வேலை செய்தால் 48 மணி நேரம். வகுத்தால் 3.5 பேர். அரச ஊழியருக்குரிய வருடாந்த லீவு 45 நாளையும் கழித்தால், ஒரு மேசைக்கு 4 பேருக்கும் சற்றுக் கூடுதலாக வேண்டும். நீதிமன்றக் கடமை, திருவிழாப் பாதுகாப்பு இன்னும் கணக்கில் வரவில்லை. தமிழ் எழுத ஒருவர் மட்டும் உள்ள நிலையத்தில், அவர் இல்லாத நேரமே கூட. பெண்கள், சிறுவர் முறைப்பாட்டுப் பிரிவில் அந்த ஒருவர் ஆணாக இருந்தால், வன்முறைக்கு உள்ளான பெண் யாரிடம் வாய் திறப்பார்? இதைத் தனியாகக் கேட்பது கட்டாயம்.

மறுப்புக் கடிதம் கிடைத்து 14 நாளுக்குள் என்றால், குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு (தகவல் மறுப்புக்கு எதிரான மேன்முறையீட்டைக் கேட்க நியமிக்கப்பட்டவர்) மேன்முறையீடு செய்யலாம். அவர் மூன்று வாரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதுவும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழுவுக்குப் போகலாம். நாள் கடந்துவிட்டதா? கவலை வேண்டாம், கேள்வியைத் திருத்திப் புது விண்ணப்பம் போடுங்கள். என் அபிப்பிராயத்தில் அதுதான் நல்லதும்கூட.

விண்ணப்பத்தில் ஆயுதம், ரோந்து, முகாம் பாதுகாப்புப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம், ஆட்களின் பெயரும் வேண்டாம். பெயர் கேட்டால் தனிப்பட்ட தகவல் என்பார்கள். இப்படி எழுதலாம்: "இன்ன திகதியில் இந்நிலையத்தின் அங்கீகரிக்கப்பட்ட ஆளணி, நியமனத்தில் உள்ளோர், இணைப்பில் வெளியே உள்ளோர் எத்தனை பேர்? தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் எத்தனை பேர்? தமிழ்த் தேர்ச்சிப் பரீட்சையில் சித்தியடைந்தோர் எத்தனை பேர்? அவர்களில் பெண்கள் எத்தனை பேர்?" தாய்மொழியையும் பரீட்சையையும் சேர்த்துக் கேட்காதீர்கள்; பரீட்சையில் சித்தியடைந்த எல்லோராலும் ஒரு வாக்குமூலத்தை முழுதாக எழுத முடியாது. கடைசியில், ஒரு பகுதியைத் தர முடியாவிட்டாலும் மிகுதியை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 6ஆம் பிரிவின்படி தருமாறும், 5(4)ஆம் பிரிவின் பொதுநலனைக் கருத்தில் எடுக்குமாறும் ஒரு வரி சேருங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. விண்ணப்பத்துக்குக் கட்டணமும் இல்லை. பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். சங்கமாகக் கேட்கலாம், உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கினராவது இலங்கைப் பிரசைகளாக இருக்க வேண்டும்.

நீதிமன்ற விடயத்தைப் பொலிஸ் விண்ணப்பத்தோடு கலக்காதீர்கள். ஆளணி கேட்பதற்கு முன், உங்கள் வழக்கு ஏன் தள்ளிப்போனது என்று பாருங்கள். வழக்கேட்டின் ஒவ்வொரு தவணைப் பதிவிலும் காரணம் இருக்கும். சட்டத்தரணி மூலம் பதிவாளரிடம் அதன் உறுதிப்படுத்திய பிரதியை எடுக்கலாம். நீதவான், மாவட்ட நீதிபதி வெற்றிடமும், பதிவாளர், மொழிபெயர்ப்பாளர், எழுதுநர் வெற்றிடமும் நீதிச்சேவை ஆணைக்குழுவின் கீழ் வரும். அரச சட்டத்தரணி வரவில்லை என்றால் அது சட்டமா அதிபர் திணைக்களம். போதைப்பொருள் வழக்கில் அறிக்கை வராதது அரச பகுப்பாய்வாளர் திணைக்களம். சட்ட வைத்திய அறிக்கை என்றால் சுகாதாரப் பக்கம். சாட்சியான பொலிஸ்காரர் இடமாற்றத்தில் போய் அழைப்பாணை கிடைக்காமல் இருப்பதும் உண்டு. அதற்கு எந்த வெற்றிடத்தை நிரப்பினாலும் பலனில்லை, புதிய முகவரிக்கு அழைப்பாணை அனுப்பும்படி சட்டத்தரணி மன்றைக் கேட்க வேண்டும்.

எண்கள் கைக்கு வந்ததும், நீங்கள் திருப்பியனுப்பப்பட்ட திகதிகளையும் நேரங்களையும் பக்கத்தில் எழுதி, ஒரு பிரதியை அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கும் இன்னொன்றைத் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கும் அனுப்புங்கள். மூன்றாவதைக் கச்சேரியில் (மாவட்ட செயலகத்தில்) கூடும் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் வைக்கும்படி உங்கள் பிரதேச செயலாளரிடம் கொடுங்கள்.