பார்ட்டிஷன் அளவை மாற்றினால் ஃபைல்கள் அழிந்துவிடுமா?

சி டிரைவ் நிரம்பிவிட்டது, பக்கத்து டி-யில் இருந்து இடம் எடுக்கலாமா? எடுக்கலாம், ஆனால் ஆபத்து உண்டு. பார்ட்டிஷன் என்பது தனி டிஸ்க் இல்லை; ஒரே டிஸ்க்கில் போட்ட எல்லைக்கோடு.

எங்கள் காரைக்குடிப் பக்கத்து வளவு வீட்டில் இரண்டு அறைகளின் நடுச்சுவரைத் தள்ளுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கம் காலியென்றால் சுலபம். ஆச்சி அடுக்கிய பித்தளை அண்டாவும் மங்குச் சாமானும் இருந்தால்? ஒவ்வொன்றாகத் தூக்கி நகர்த்தி, சாமான் நோட்டிலும் மாற்றி எழுத வேண்டும். சி-க்கு இடம் விட டி-யின் தொடக்கத்தை நகர்த்தும்போதும் இதே கதைதான்: ஃபைல்கள்தான் சாமான், எந்த ஃபைல் எங்கே என்ற பட்டியல்தான் நோட்டு. மணிக்கணக்கில்கூட ஆகும். பாதியில் கரண்ட் போனால் (நம்ம ஊரில் சொல்லவா வேண்டும்) நோட்டு ஒன்று சொல்லும், சாமான் வேறிடத்தில் கிடக்கும். அதனால் முதலில் வெளி டிஸ்க்கில் ஒரு நகல்.

“டி-யிலேயே நகல் இருக்கிறதே” என்பார்கள். டி-யும் அதே டிஸ்க்தான்.