ஹோஸ் பைப் தடையும் மோட்டார்ஹோம் தண்ணீர்த் தொட்டியும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கோடை தொடங்கியதிலிருந்து, தங்கவும் சமைக்கவும் வசதியுள்ள மோட்டார்ஹோம் வண்டி வைத்திருப்பவர்களிடமிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், வறட்சியில் நீர் நிறுவனங்கள் தற்காலிகமாக விதிக்கும் ஹோஸ் பைப் தடையைப் பற்றியவை என்பதால், இந்த முறை அவற்றை மட்டுமே எடுத்துக்கொண்டுள்ளேன். பதில்கள் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொருந்துபவை. ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் சட்டம் வேறு. எந்தப் பதிலைப் படித்தாலும், உங்கள் பகுதி நீர் நிறுவனம் வெளியிட்டுள்ள தடை அறிவிப்பையும் அதிலுள்ள விலக்குப் பட்டியலையும் ஒரு முறை முழுமையாகப் படித்த பிறகே குழாயைத் திறக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் பகுதியில் தடை நடைமுறையில் உள்ளது. வார இறுதியில் புறப்படுகிறோம். வண்டியின் குடிநீர்த் தொட்டியை ஹோஸ் பைப்பால் நிரப்பலாமா, கூடாதா? (லீட்ஸ் வாசகர்)

தடை ஹோஸ் பைப் என்ற பொருளின் மீது விதிக்கப்படுவதன்று. குறிப்பிட்ட சில பயன்பாடுகளின் மீது விதிக்கப்படுவது. 1991ஆம் ஆண்டு நீர்த் தொழில் சட்டத்தின் 76ஆம் பிரிவு அவற்றைப் பட்டியலிட்டுள்ளது: தோட்டத்துக்கும் செடிகளுக்கும் பாய்ச்சுதல், சொந்த வாகனத்தையோ உல்லாசப் படகையோ கழுவுதல், வீட்டு நீச்சல் குளத்தையும் அலங்கார நீரூற்றையும் நிரப்புதல், சுவர், சன்னல், நடைபாதை ஆகியவற்றைக் கழுவுதல் முதலியன. குடிக்கவும் சமைக்கவும் குளிக்கவும் வேண்டிய தண்ணீரை ஒரு தொட்டியில் நிரப்புவது அப்பட்டியலில் இல்லை. ஆயினும் கேன் கொண்டு நிரப்ப முடிந்தவர்கள் அப்படியே செய்வதுதான் முறை. ஹோஸ் பைப்பைப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்றால், நிறுவனத்திடம் எழுதிக் கேட்டு, பதிலை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நிரம்பி முடியும் வரை அங்கேயே நில்லுங்கள். சாதாரண ஹோஸ் பைப் நிமிடத்துக்குப் பத்து முதல் பதினைந்து லிட்டர் கொடுக்கும். தேநீர் குடித்துவிட்டு வருவதற்குள் தொட்டி வழிந்து ஐம்பது லிட்டர் வண்டிக்கு அடியில் ஓடியிருக்கும்.

கேள்வி: எங்கள் ஊரில் தடை இல்லை; நாங்கள் போகும் ஊரில் உள்ளது. எதைப் பின்பற்றுவது? (பர்மிங்காம் வாசகர்)

குழாய் எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊரின் விதியை. உங்கள் வீட்டு முகவரிக்கும் இதற்கும் தொடர்பில்லை.

கேள்வி: தொட்டியை நிரப்புவது தடைக்குள் வராது என்றால், நிரப்பிய தண்ணீரை வெளிப்புற ஷவர் வழியாகவோ, பேட்டரி பிரஷர் வாஷர் வழியாகவோ எடுத்து வண்டியைக் கழுவலாம் அல்லவா? தண்ணீர் தொட்டியிலிருந்துதானே வருகிறது, குழாயிலிருந்து அல்லவே? (ரெடிங் வாசகர்)

இந்தக் கேள்வி ஒவ்வொரு வறட்சியிலும் வருகிறது, ஒவ்வொரு முறையும் ஏதோ புதிய கண்டுபிடிப்பைப் போல எழுதப்பட்டு வருகிறது. சட்டத்தை எழுதியவர்கள் இதை எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். இத்தகைய தற்காலிகத் தடைகளைப் பற்றிய 2010ஆம் ஆண்டு ஆணை, ஹோஸ் பைப்பால் ஒரு கொள்கலனை முழுமையாகவோ பகுதியாகவோ நிரப்பி, அந்தத் தண்ணீரைத் தடை செய்யப்பட்ட பயன்பாட்டுக்குச் செலவிடுவதையும் ஹோஸ் பைப் பயன்பாடாகவே கணக்கிடுகிறது. கொள்கலனிலிருந்து ஹோஸ் பைப் வழியாகத் தண்ணீரை எடுத்துச் செலவிடுவதும் அவ்வாறே. உங்கள் தொட்டி ஒரு கொள்கலன். வெளிப்புற ஷவரின் குழாயும் பிரஷர் வாஷரின் குழாயும் ஹோஸ் பைப்பின் வேலையைச் செய்பவை. அந்த வேலையைச் செய்யும் எதையும் ஹோஸ் பைப்பாகவே கொள்ள வேண்டும் என்று சட்டம் கூறுகிறது. மோட்டார்ஹோம் சொந்த வாகனம். ஆகவே நீங்கள் விவரித்துள்ள செயல் தடைக்குள் நேராக வந்து விழுகிறது. அதற்கு நீதிமன்றம் ஆயிரம் பவுண்டு வரை அபராதம் விதிக்கலாம்.

அபராதத்தை விட எனக்குக் கவலை தருவது வேறொன்று. குடிநீருக்கென்று விடப்பட்ட சலுகை நம்மைப் போன்ற வண்டிக்காரர்களுக்கு மட்டுமே பயன்படும் சிறிய சலுகை. ஆறரை மீட்டர் வண்டியைக் கூரையோடு கழுவ நூறு லிட்டர் போதாது என்பது கழுவியவர் எவருக்கும் தெரியும். ஒரு தொட்டி காலியானதும் இரண்டாவது தொட்டியை நிரப்பத்தான் போகிறீர்கள். தெருவில் செடிகள் வாடிக் கிடக்கும்போது, பூவாளியைத் தூக்கிக்கொண்டு பத்து நடை நடக்கும் முதியவரின் கண்ணெதிரே அது நடக்கும். அவர் நீர் நிறுவனத்துக்குப் புகார் எழுதினால், அடுத்த முறை அறிவிப்பில் மோட்டார்ஹோம் தொட்டிகளுக்கும் சேர்த்து ஒரு வரி எழுதப்படும். அப்போது பாதிக்கப்படுபவர்கள் குழந்தைக்குப் பால் கரைக்கத் தண்ணீர் நிரப்புகிறவர்கள். சந்து பொந்து தேடும் பழக்கத்தை நான் இவ்வளவு கடுமையாகப் பேசுவதற்கு இதுவே காரணம். சமையலறைக் குழாயில் நேரடியாகப் பிடித்த இரண்டு வாளித் தண்ணீரும் ஒரு பஞ்சும் இருந்தால் முன் கண்ணாடி, விளக்குகள், எண் பலகை ஆகியவற்றைச் சுத்தமாகத் துடைத்துவிடலாம். பாதுகாப்புக்கு வேண்டியவை அவை மட்டுமே. கூரையிலுள்ள பாசிக் கறை மழைக்காலம் வரை காத்திருக்கட்டும். அதனால் வண்டிக்கு எந்தக் கேடும் வராது.

கேள்வி: மழைநீர்ப் பீப்பாயில் நிறையத் தண்ணீர் உள்ளது. அதைத் தொட்டியில் ஊற்றலாமா?

வண்டியைக் கழுவ அதைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். நீர் நிறுவனம் வழங்கும் தண்ணீருக்குத்தான் தடை, மழைநீருக்கு அன்று. குடிநீர்த் தொட்டிக்குள் ஒரு சொட்டுக்கூட விடக்கூடாது. கூரையில் விழும் பறவை எச்சம் அந்தப் பீப்பாய்க்குள்தான் போகிறது. ஓடைத் தண்ணீருக்கும் இதே பதில். கிரிப்டோஸ்போரிடியம் என்னும் கிருமி குளோரின் மாத்திரைக்கு அடங்காது.

கேள்வி: எங்கள் வண்டியின் தொட்டி 120 லிட்டர். தடைக் காலத்தில் வழியில் தண்ணீர் கிடைக்காதோ என்ற பயத்தில் முழுவதும் நிரப்பிக்கொண்டுதான் கிளம்புகிறோம். மீதமாவதைத் திரும்பி வந்ததும் வால்வைத் திறந்து விட்டுவிடுகிறோம். சரியா? (ஹாரோ வாசகர்)

இரண்டுமே சரியில்லை. 120 லிட்டர் என்றால் 120 கிலோ. உங்கள் வண்டி மொத்த எடையில் 3,500 கிலோ வரம்புக்கு உட்பட்டது என்று எழுதியுள்ளீர்கள். நான்கு பேரும் மிதிவண்டிகளும் கூரைப் பந்தலும் ஏறிய பிறகு அதில் மிச்சம் இருக்க வாய்ப்பு குறைவு. பாரமேடையில் ஏற்றிப் பார்த்தீர்களா என்பதைப் பற்றிக் கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை. சில ஐரோப்பியத் தயாரிப்பாளர்கள் பயண நிலைக்கு 20 லிட்டர் என்று தனியாக ஒரு வால்வு நிலையே வைத்து, அதை வைத்தே எடைக் கணக்கையும் போடுகிறார்கள். உங்கள் கையேட்டைப் பாருங்கள். வழியில் கைகழுவவும் தேநீர் போடவும் இருபது முப்பது லிட்டர் போதும். முகாம் தளத்துக்குப் போய் மீதியை நிரப்பிக்கொள்ளலாம். தடை இருப்பதால் தளங்களில் குடிநீர்க் குழாயை மூடிவிடுவதில்லை.

மீதமான தண்ணீரைப் பற்றி: கேனில் பிடித்து வீட்டுக் கழிவறையில் ஊற்றுங்கள், தரை துடைக்கப் பயன்படுத்துங்கள். இவை தடைப் பட்டியலில் இல்லை. ஹோஸ் பைப்பால் நிரப்பிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றினால் மேலே சொன்ன கொள்கலன் விதி குறுக்கே வருகிறது. ஆகவே செடிக்கென்று வைக்க நினைப்பவர்கள் முதலிலேயே கேனால் நிரப்பியிருக்க வேண்டும். இங்கிலாந்தில் ஒருவர் ஒரு நாளைக்குச் சராசரியாக 140 லிட்டர் அளவில் தண்ணீர் செலவிடுகிறார். வண்டியிலோ இரண்டு பேர் மூன்று நாள் நூறு லிட்டரில் வாழ்ந்துவிடுகிறோம். சிக்கனமாக வாழும் நாம் வீடு திரும்பிய அன்று எழுபது லிட்டரை வாசலில் திறந்துவிடுவது பொறுக்க முடியாதது.

கேள்வி: கேனால் நிரப்பச் சொல்கிறீர்கள். தொட்டியின் வாய் என் மார்பு உயரத்தில் இருக்கிறது. எனக்கு அறுபது வயது. (க்ராலி வாசகர்)

பத்து லிட்டர் கேனைத் தூக்க வேண்டாம். ஐந்து லிட்டர் கேன்களாக வாங்குங்கள். அதுவும் முடியாதென்றால், 12 வோல்ட்டில் ஓடும் சிறிய மூழ்கு பம்பு ஒன்றை வாங்கி, கேனைத் தரையிலேயே வைத்து, பம்பைக் கேனுக்குள் இறக்கி, அதன் மெல்லிய குழாயைத் தொட்டி வாய்க்குள் விடுங்கள். ஒரு கேன் ஒன்றிரண்டு நிமிடத்தில் காலியாகும். பம்பும் குழாயும் குடிநீருக்கு ஏற்றவையாக இருக்க வேண்டும். அவற்றை மூடிபோட்ட டப்பாவில் தனியாக வையுங்கள், தரையில் போடாதீர்கள்.

கேள்வி: தண்ணீரில் மருந்து வாடை அடிக்கிறது. மூன்று முறை தொட்டியைக் காலி செய்து நிரப்பிவிட்டோம், போகவில்லை. (மில்டன் கீன்ஸ் வாசகர்)

தடைக் காலத்தில் முந்நூறு லிட்டரைக் கொட்டிவிட்டு அதன் பிறகு எழுதியிருக்கிறீர்கள். முதல் முறையே நிறுத்தியிருக்கலாம். நீங்கள் பயன்படுத்துவது தோட்டக் குழாய் என்று கடிதத்தின் கடைசி வரியில் உள்ளது. குறை அதில்தான் இருக்க வேண்டும். சாதாரண ரப்பரிலும் பிளாஸ்டிக்கிலும் உள்ள பீனால் வகைப் பொருள்கள் குழாய்நீரின் குளோரினோடு சேர்ந்து குளோரோபீனால் ஆகும்போது அந்த வாடை வரும். மிகச் சிறிய அளவே போதும். குடிநீர்த் தரத்துக்குச் சான்று பெற்ற குழாயை வாங்குங்கள், அல்லது கேனுக்கு மாறுங்கள். குழாயில் தேங்கிய தண்ணீரைச் சிறிது வாளியில் பிடித்து ஒதுக்கிய பிறகே தொட்டியில் விடுங்கள். அந்த வாளியைக் கழிவறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். குழாயின் முனையைத் தொட்டித் தண்ணீருக்குள் மூழ்க விடாதீர்கள், அடைப்பான் போட்டு இறுக்காதீர்கள். வறட்சியில் தண்ணீர்த் தேவை கூடுவதாலும் நிறுவனங்கள் அழுத்தத்தைக் குறைப்பதாலும் பிரதானக் குழாயில் அழுத்தம் விழும். அப்போது உங்கள் தொட்டியில் உள்ளது பின்னோக்கி உறிஞ்சப்பட்டு ஊர்த் தண்ணீரில் கலக்கலாம். வெளிப்புறக் குழாயில் இரட்டைத் தடுப்பு வால்வு இருக்க வேண்டும் என்பது 1999ஆம் ஆண்டு நீர்ப் பொருத்தி விதிகளின் நோக்கத்தோடு சேர்ந்தது. இல்லாவிட்டால் பிளம்பரைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: முகாம் தளத்தில் குடிநீர்க் குழாய்க்கு வரிசை நீளமாக இருந்ததால், கழிவறைக் கேசட் (கழிவு சேரும், கழற்றி எடுக்கும் பெட்டி) கழுவும் குழாயில் தொட்டியை நிரப்பினேன். இரண்டும் ஒரே தண்ணீர்தானே? (நியூமால்டன் வாசகர்)

தண்ணீர் ஒன்றாக இருக்கலாம், முனை ஒன்றல்ல. உங்களுக்கு முன்னால் வந்தவர் அந்தக் குழாயின் முனையைத் தன் கேசட்டின் வாய்க்குள் நுழைத்துக் குலுக்கிவிட்டுப் போயிருப்பார். தொட்டியை உடனே காலி செய்து, கிருமிநீக்கி ஊற்றி, அதன் உறையில் உள்ள நேரம் வரை ஊறவிட்டு அலசுங்கள். தடைக் காலமானாலும் இந்தத் தண்ணீரைச் செலவிடத்தான் வேண்டும்.

கேள்வி: நீல அட்டை (வாகன நிறுத்தச் சலுகை அட்டை) வைத்திருக்கும் மாற்றுத்திறனாளிக்கு விலக்கு உண்டா?

பல நிறுவனங்கள் தருகின்றன, எல்லாமும் அல்ல; எந்தெந்தப் பயன்பாட்டுக்கு என்பதும் மாறும். அறிவிப்பைப் படியுங்கள்.

கேள்வி: நான்கு நாளாக மழை கொட்டுகிறது. தடை முடிந்துவிட்டதாகக் கொள்ளலாமா? (வேக்ஃபீல்டு வாசகர்)

கூடாது. நிறுவனம் நீக்கியதாக அறிவித்தால்தான் முடிந்தது. 2022இல் தேம்ஸ் வாட்டர் ஆகஸ்டில் விதித்த தடை நவம்பர் வரை இருந்தது. 2025இல் யார்க்ஷயர் வாட்டர் ஜூலையில் விதித்தது டிசம்பரில்தான் நீங்கியது. காய்ந்த மண் முதல் மழையைத் தானே குடித்துவிடும். கோடையில் செடிகொடிகள் மீதியை எடுத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு வழிவதுதான் நீர்த்தேக்கத்துக்குப் போய்ச் சேரும். நிலத்தடி நீரை நம்பியிருக்கும் தென்கிழக்கில் சுண்ணப் பாறை வழியே நீர் இறங்கி நிறைய ஒரு குளிர்காலம் முழுவதும் தேவைப்படும். அதுவரை கேன்தான்.