ரத்தத்தில் உலவும் புற்றணுக்கள்: புரோஸ்டேட் பற்றிக் கேளுங்கள், சொல்கிறேன்

வணக்கம். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவன் நான். கடைசிச் சில வருடங்கள், கட்டியிலிருந்து கழன்று ரத்தத்தில் மிதக்கும் புற்றணுக்களை எண்ணுவதுதான் வேலை. சுருக்கமாகச் சிடிசி என்போம். மருந்து எழுதித் தருவது உங்கள் மருத்துவர் வேலை. அந்த ரத்தக் குழாயில் என்ன நடக்கிறது, வரும் எண்ணுக்கு என்ன அர்த்தம் என்பதை என்னால் சொல்ல முடியும். போன வாரம் சிங்கப்பூர்த் தேக்காவில் காய்கறி வாங்கும்போது தெரிந்தவர் ஒருவர், "புரோஸ்டேட் புற்றுநோயை இப்போ ஒரு சொட்டு ரத்தத்துல கண்டுபிடிச்சிடலாமாமே, பயாப்சியே வேண்டாமாமே" என்று நம்பிக்கையோடு கேட்டார். மனசு கேட்கவில்லை, அதனால்தான் இங்கே உட்கார்ந்துவிட்டேன். கேளுங்கள்.

ஈசூன்வாசி: வயது 54. பலதுறை மருந்தகத்தில், புரோஸ்டேட் சுரப்பியிலிருந்து ரத்தத்துக்கு வரும் பிஎஸ்ஏ என்ற புரதத்தின் அளவைப் பார்த்ததில் 5.8 வந்திருக்கிறது. பயாப்சி என்று ஊசி குத்திச் சதை எடுக்கச் சொல்வார்களோ என்று பயமாக இருக்கிறது சார். அதற்குப் பதில் சிடிசி பார்த்தால் போதாதா?

போதாது. புற்று சுரப்பிக்குள்ளேயே அடங்கியிருக்கும் காலத்தில் ரத்தத்தில் இந்த அணுக்கள் மிக அரிது. ஒரு குழாய் ரத்தத்தில் ஒன்றுகூடச் சிக்காமல் போகலாம். அப்படிப் பூஜ்யம் வந்ததும் 'நமக்கு ஒன்றுமில்லை' என்று நீங்கள் வீட்டுக்குப் போய்விட்டால் அதுதான் ஆபத்து. அதே சமயம் 5.8 என்றால் புற்றுநோய் என்றும் அர்த்தமில்லை. பிஎஸ்ஏ 4லிருந்து 10க்குள் இருப்பவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குத்தான் பயாப்சியில் புற்று தெரிகிறது. வயதானால் சுரப்பி பெருக்கும், சிறுநீர்த் தொற்று வரும், முதல் நாள் ரொம்ப நேரம் சைக்கிள் ஓட்டியிருப்பீர்கள், இதிலெல்லாமும் எண் ஏறும். வழக்கமாகச் சில வாரம் கழித்து மறுபடி ரத்தம் பார்ப்பார்கள், பிறகு எம்ஆர்ஐ, அதில் சந்தேகமான இடம் தெரிந்தால்தான் பயாப்சி. அப்புறம் ஒன்று, முடி கொட்டுவதற்கோ சுரப்பி வீக்கத்துக்கோ ஃபினாஸ்டெரைடு மாத்திரை சாப்பிடுகிறீர்களா? சாப்பிட்டால் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அந்த மாத்திரை பிஎஸ்ஏயைப் பாதியாகக் குறைத்துக் காட்டும்.

பாலிடெக்னிக் மாணவி: அண்ணா, கோடிக்கணக்கான ரத்த அணுக்களுக்குள் அந்தச் சில அணுக்களை எப்படிப் பிடிக்கிறீர்கள்?

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி தங்கச்சி. நாம் எடுப்பது 7.5 மில்லி ரத்தம், ஒன்றரைத் தேக்கரண்டி. அதில் சிவப்பணுக்கள் மட்டும் 3,500 கோடிக்கு மேல், வெள்ளையணுக்கள் சில கோடி. நாம் தேடுவது ஐந்தோ பத்தோ. செல்சர்ச் என்ற கருவியில், மிக நுண்ணிய இரும்புத் துகள்களின் மேல் ஒரு எதிர்ப்பொருளைப் பூசி ரத்தத்தில் கலப்பார்கள். அது எப்கேம் என்ற புரதத்தை மட்டும் கவ்விப் பிடிக்கும். புரோஸ்டேட் போன்ற சுரப்பித் திசுவிலிருந்து வந்த அணுவின் மேல் அந்தப் புரதம் இருக்கும், ரத்த அணுவின் மேல் இருக்காது. பிறகு காந்தம் வைத்து இழுத்தால், துகள் ஒட்டிய அணுக்கள் காந்தப் பக்கம் ஒதுங்கும். அதற்குச் சாயம் ஏற்றித் திரையில் பார்ப்போம். உட்கரு இருக்க வேண்டும், சுற்றிலும் கெரட்டின் என்ற புரதம் ஒளிர வேண்டும், வெள்ளையணுவுக்கே உரிய சிடி45 அடையாளம் இருக்கவே கூடாது. மூன்றும் சரியாக இருந்தால்தான் 'ஒன்று' என்று எண்ணுவோம். சிதைந்துபோன அணுக்களும் நிறைய வரும், அவற்றைத் தள்ளிவிட வேண்டும். இரவு பத்து மணிக்குத் திரையில் முழுசாக ஒரு அணு தெரியும்போது, அது யாரோ ஒருவருடைய அப்பாவின் ரத்தம் என்ற நினைப்பு எனக்கு ஒருநாளும் போனதில்லை.

இதைப் பார்த்த முதல் ஆள் ஆஸ்திரேலியாவில் இருந்த தாமஸ் ஆஷ்வொர்த் என்ற மருத்துவர். புற்றுநோயில் இறந்த ஒருவரின் ரத்தத்தில், கட்டியில் இருப்பதைப் போன்ற அணுக்கள் இருப்பதை 1869லேயே எழுதி வைத்தார்.

பொங்கோல் மகள்: அப்பாவுக்கு 71. எலும்புக்குப் பரவிவிட்டது, ஹார்மோன் ஊசியும் இப்போது கேட்கவில்லை. சிடிசி 14 என்று வந்திருக்கிறது. இணையத்தில் படித்துவிட்டுத் தூக்கமே வரவில்லை அண்ணா.

அம்மா, மெதுவாகப் படியுங்கள். இந்தப் பரிசோதனை சரியாகப் பயன்படுகிற இடம் அப்பா இருக்கும் நிலைதான். பரவிய புரோஸ்டேட் புற்றுநோயில் இதைப் பயன்படுத்த அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2008ல் அனுமதி தந்தது, கோடு கிழித்தது 7.5 மில்லி ரத்தத்தில் 5 அணுவில். நீங்கள் படித்தது அதே வருடம் வந்த ஆய்வாக இருக்கும். சிகிச்சைக்கு முன் ஐந்துக்குக் கீழே இருந்தவர்களின் இடைநிலை ஆயுள், அதாவது பாதிப் பேர் அதற்கு மேலும் வாழ்ந்த அளவு, 21.7 மாதம், ஐந்தும் அதற்கு மேலும் இருந்தவர்களுக்கு 11.5 மாதம். அது ஒரு கூட்டத்தின் கணக்கு, அப்பாவின் ஜாதகம் இல்லை. அபிராடெரோன், என்சாலுடமைடு என்ற மருந்துகளெல்லாம் புழக்கத்துக்கு வருவதற்கு முந்தைய காலத்து எண்ணும்கூட. அந்த ஆய்வு சொன்ன இன்னொரு விஷயத்தைத்தான் நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டும். சிகிச்சை தொடங்கிய பிறகு எண்ணிக்கை ஐந்துக்குக் கீழே இறங்கியவர்களுக்கு நிலைமை நன்றாகவே மாறியது. அதனால் 14 என்பதைவிட அடுத்த எண் என்ன என்பதுதான் முக்கியம். மறுபடி எப்போது பார்ப்பீர்கள் என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

பொங்கோல் மகள்: நன்றி அண்ணா. ஏஆர்-வி7 என்று ஏதோ சொன்னார்கள், அது என்ன?

பிடித்த அணுவை எண்ணுவதோடு நிறுத்தாமல் உள்ளே என்ன இருக்கிறது என்றும் பார்க்கலாம். நான் சொன்ன அந்த இரண்டு மருந்துகளும் ஆண் ஹார்மோன் வேலை செய்யும் வழியை அடைப்பவை. ஏஆர்-வி7 என்பது ஹார்மோன் வந்து உட்காரும் பகுதியே இல்லாமல் குறைந்துபோன ஒரு ஏற்பி, அதாவது ஹார்மோனைப் பிடித்து வேலை செய்ய வேண்டிய புரதம். சாவி இல்லாமலே திறந்துகொண்ட பூட்டு மாதிரி, ஹார்மோனைத் தடுத்தாலும் அது ஓடிக்கொண்டிருக்கும். ஜான்ஸ் ஹாப்கின்ஸில் 62 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2014ல் வந்தது. அதில் சிடிசியில் ஏஆர்-வி7 இருந்த 18 பேரில் ஒருவருக்குக்கூட இந்த மருந்துகளால் பிஎஸ்ஏ பாதியாக இறங்கவில்லை. சிறிய ஆய்வுதான். ஆனால் அப்படி வந்தால் நாளைக் கடத்தாமல் டோசிடாக்சல் போன்ற கீமோவை யோசிக்கலாம் என்ற வழி அதிலிருந்து திறந்தது. அப்பாவுக்கு எது என்பதை அவர் புற்றுநோய் மருத்துவர் சொல்லட்டும்.

அங் மோ கியோ மாமா: ஊசி குத்தினால் புற்று ரத்தத்தில் கலந்து பரவிவிடும் என்று ஊரில் சொல்வார்களே தம்பி?

இந்தப் பயத்தால் பயாப்சியைத் தள்ளிப்போட்டு, முதுகுவலி என்று வரும்போது எலும்பில் பரவியிருந்தவர்களை எனக்குத் தெரியும் மாமா. அது இன்னும் வலிக்கிறது. கட்டி இருந்தால் ஊசி குத்தினாலும் குத்தாவிட்டாலும் அணுக்கள் கழன்றுகொண்டுதான் இருக்கும். ரத்தத்தில் விழுந்ததில் பெரும்பாலானவை சில மணி நேரத்திலேயே அழிந்துவிடும். ஊசி போன தடத்தில் புரோஸ்டேட் புற்று முளைப்பது மிக மிக அபூர்வம்.

உட்லண்ட்ஸ்காரர்: இங்கே சிங்கப்பூரில் இதில் ஆராய்ச்சி நடக்கிறதா? நோயைக் கண்டுபிடிக்கவும் ஒருநாள் உதவுமா?

நடக்கிறது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் லிம் சுவீ டெக் குழுவின் ஆராய்ச்சியிலிருந்து வந்த சுருள் சில்லு ஒன்று உண்டு. கொசுவர்த்திச் சுருள் மாதிரியான நுண்குழாயில் ரத்தத்தை ஓடவிட்டால், பெரிய அணுக்கள் உள்சுவரை ஒட்டி வந்து தனியாகப் பிரியும். எப்கேம் தேவையே இல்லை. பரவும் அணுக்கள் சில நேரம் அந்தப் புரதத்தை உதிர்த்துவிடும், அப்போது காந்த முறையில் அவை தப்பிவிடும் என்பதால் இது பெரிய விஷயம்.

கண்டுபிடிப்பது பற்றி: லண்டன் குவீன் மேரி பல்கலைக்கழகக் குழு 2019ல், சிடிசியோடு பிஎஸ்ஏயையும் 12 மரபணுக்களின் அளவையும் சேர்த்துப் பார்த்து, பயாப்சியில் வீரியமான புற்று வருமா என்பதை நன்றாகக் கணிக்க முடிந்தது என்று எழுதியது. பயாப்சிக்கு முன் சோதித்தவர்கள் 98 பேர்தான். எனக்கு இதில் நிறைய நம்பிக்கை இருக்கிறது. ஆனால் இன்றைக்கு யாராவது இதைப் புற்றுநோய் கண்டுபிடிக்கும் பேக்கேஜில் சேர்த்து விற்றால், அந்தக் காசைக் கொடுக்காதீர்கள்.

ஈசூன்வாசி: சார், மறுபடி பார்த்ததில் 6.1. அடுத்த வியாழன் எம்ஆர்ஐ. என் அண்ணனுக்கும் இந்த நோய் இருந்தது, அதைச் சொல்ல வேண்டுமா?

கட்டாயம் சொல்லுங்கள், எந்த வயதில் வந்தது என்பதையும் சேர்த்து. அப்பாவுக்கோ உடன்பிறந்தவருக்கோ இருந்தால் நமக்கு வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரட்டிப்பு, அதை வைத்து அவர்கள் முடிவெடுக்கும் விதமே மாறலாம். பழைய பிஎஸ்ஏ எண்களைத் தேதியோடு ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். வியாழன் முடிந்ததும் இங்கே வந்து சொல்லுங்கள், காத்திருப்பேன்.