கோலாலம்பூரில் ஒரு சின்ன உள்ளூர் பிராண்டின் சட்டைக்கு 250 வெள்ளி கொடுக்கலாமா? வாங்கினால் எப்படிப் பார்த்துக்கொள்வது?

கேட்டவர் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர். தீபாவளிக்கு நல்லதாக ஒன்று வாங்க நினைக்கிறார். பேரங்காடியில் 60, 70 வெள்ளிக்கே சட்டை கிடைக்கும்போது, இணையத்தில் பார்த்த சிறிய பிராண்டு 250 வெள்ளி சொல்கிறதே, அது தகுமா என்கிறார்.

தகும். ஆனால் தைத்துக் கொடுப்பவரிடம் நேரில் பேச முடிய வேண்டும், வாங்கிய பிறகு துவைப்பதையும் காய வைப்பதையும் நீங்களே கவனிக்க வேண்டும். இரண்டாவது நடக்காது என்றால் 70 வெள்ளிச் சட்டையே போதும். நம் ஊர் வியர்வையும் ஈரமும் விலை பார்த்துத் துணியைக் கெடுப்பதில்லை.

செந்தூலில் என் சித்தப்பாவுக்குத் தையல் கடை இருந்தது. பள்ளி விட்டு வந்தால் பொத்தான் வைப்பதும் பழைய தையலைப் பிரிப்பதும் என் வேலை. அந்தப் பழக்கத்தில், எந்தச் சட்டையைக் கையில் எடுத்தாலும் உள்பக்கத்தைத் திருப்பித்தான் முதலில் பார்ப்பேன். நீங்களும் அப்படியே பாருங்கள். மலிவான சட்டையில் பக்கத் தையலின் வெட்டு விளிம்பு, அதைச் சுற்றிப் பின்னிய ஓவர்லாக் நூலோடு அப்படியே வெளியே தெரியும். நன்றாகத் தைத்ததில் விளிம்பே தெரியாது, ஒன்றுக்குள் ஒன்றை மடித்து அடித்திருப்பார்கள். ஓர் அங்குலத்துக்கு எத்தனை தையல் என்று எண்ணிப் பாருங்கள். 18, 20 இருந்தால் நிதானமாகத் தைத்தது. 9, 10 என்றால் ஓட்டமாக ஓட்டியது. கோடு போட்ட துணியாக இருந்தால் பையின் கோடும் சட்டையின் கோடும் நேராகச் சேர்கிறதா என்று பாருங்கள். அப்படிச் சேர்க்கத் துணி கூடுதலாகப் போகும், நேரமும் போகும். நீங்கள் கொடுக்கும் காசில் ஒரு பங்கு அதற்குத்தான்.

பொத்தானைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். முத்துச்சிப்பி என்றால் சில்லென்று இருக்கும், பிளாஸ்டிக்கில் அந்தக் குளிர்ச்சி வராது.

துணி விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. பகலில் 32, 33 பாகை வெயில், காற்றில் சராசரியாக 80 விழுக்காடு ஈரம் உள்ள ஊரில் எல்ஆர்டி ரயில் ஏறி இறங்கி வேலைக்குப் போகிறவருக்கு மெல்லிய பாப்ளின் பருத்தியும் லினனும்தான் சரி. லினன் கசங்கும், கசங்கட்டும். ஆக்ஸ்போர்டு துணி பார்க்க அழகு, ஆனால் தடிமன் அதிகம், காய நேரம் எடுக்கும். 'இஸ்திரி வேண்டாம்' என்று விற்கும் பருத்திச் சட்டைகளை நான் தவிர்த்துவிடுவேன். சுருக்கம் விழாமல் இருக்கத் துணிக்கு ரசாயனப் பிசின் ஏற்றுகிறார்கள். அதனால் நூலின் வலு குறைகிறது, காற்றும் அவ்வளவாகப் புகாது. துணி பார்த்துப் பழக்கமில்லை என்றால் ஒரு சனிக்கிழமை ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான் பக்கம் துணிக்கடைகளில் ஏறி இறங்குங்கள். முழுப் பருத்தியையும் பாலியெஸ்டர் கலந்ததையும் கையில் கசக்கிப் பார்த்தால், அப்புறம் யார் சொல்வதையும் நம்பி வாங்க வேண்டியதில்லை.

இனி அந்தப் பிராண்டிடம் கேட்க வேண்டியது. வெட்டுவதற்கு முன் துணியை நனைத்துச் சுருங்க விட்டீர்களா என்று கேளுங்கள். பருத்தி இரண்டு விழுக்காடு சுருங்கினாலே 40 சென்டிமீட்டர் கழுத்து 8 மில்லிமீட்டர் குறையும், டை கட்டும் நாளில் மூச்சு முட்டும். காலர் விறைப்பாக நிற்க உள்ளே வைத்திருக்கும் கேன்வாஸ் பசை வைத்து ஒட்டியதா, தைத்ததா என்றும் கேளுங்கள். ஒட்டியது மோசம் என்று சொல்லமாட்டேன், நல்ல பசை வருடக்கணக்கில் நிற்கும். ஆனால் சூட்டுக்குப் பசை விட்டுப்போனால் காலரில் கொப்புளம் கொப்புளமாக எழும்பும், அதைச் சரிசெய்ய வழியில்லை. எம், எல் என்ற எழுத்தை நம்பாமல் சட்டையின் அளவைச் சென்டிமீட்டரில் கேட்டு வாங்கி, உங்களுக்குப் பொருந்துகிற பழைய சட்டையைத் தரையில் விரித்து அளந்து ஒப்பிடுங்கள். தோள் மட்டும் சரியாக இருந்தே ஆக வேண்டும். இடுப்பையும் கையையும் எந்தத் தையல்காரரும் பிடித்துக் கொடுப்பார், தோளைத் தொட்டால் சட்டையையே பிரிக்க வேண்டி வரும். சிலுவார் வாங்கினால் பின்பக்கத் தையலுக்குள் ஓர் அங்குலத் துணியாவது விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள், பிறகு இடுப்பு பெருத்தாலும் விரித்துக்கொள்ளலாம்.

இதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்கிற பிராண்டு, பொத்தான் விழுந்தாலும் தையல் விட்டாலும் வாங்கிப் பார்க்கும். சிறிய பிராண்டை நான் தேடிப் போவதே அதற்காகத்தான். கேள்விக்கு மழுப்பினால் 250 அல்ல, 100 வெள்ளிக்கும் வேண்டாம்.

பராமரிப்பில் முதல் எதிரி வியர்வை. போட்ட சட்டையை அன்றிரவே துவைக்க முடியாவிட்டால் காற்றாட ஹாங்கரில் மாட்டுங்கள், கூடையில் சுருட்டிப் போடாதீர்கள். அக்குளில் வரும் மஞ்சள் கறைக்கு வியர்வை மட்டும் காரணமில்லை. வியர்வை அடக்கும் ரோலானில் இருக்கும் அலுமினிய உப்பு வியர்வையோடு சேர்ந்து துணியில் படிகிறது. அதற்குக் குளோரின் பிளீச் ஊற்றினால் மஞ்சள் இன்னும் ஏறும். ஆக்சிஜன் பிளீச் தூளை வெதுவெதுப்பான நீரில் கரைத்துச் சில மணி நேரம் ஊற வையுங்கள். ரோலான் நன்றாகக் காய்ந்த பிறகு சட்டை போட்டாலே பாதிக் கறை வராது.

வாழையிலைச் சாப்பாட்டுக்குப் போய்க் குழம்பு தெறித்துவிட்டால் பதற வேண்டாம். சோப்புப் போட்டதும் கறை செம்மண் நிறத்துக்கு மாறும். மஞ்சளுக்குக் காரம் பட்டால் அப்படித்தான், துணி கெட்டுப்போய்விட்டது என்று நினைக்காதீர்கள். எண்ணெய் போகக் கழுவிவிட்டு, ஈரத்தோடு வெயிலில் போடுங்கள். மஞ்சளின் நிறத்தை வெயிலே உடைத்துவிடும். வெள்ளைச் சட்டைக்குத்தான் இந்த வைத்தியம். கருநீலம், கறுப்பு எல்லாம் உள்பக்கத்தை வெளியே திருப்பி நிழலில்தான் காய வேண்டும்.

அடுக்குமாடி வீட்டில் துணி காய வைப்பது பெரிய பாடு என்று எனக்குத் தெரியும். மாலை மழை மாதங்களில் பால்கனியில் போட்டது இரண்டு நாளானாலும் காயாது, புகைமூட்டம் வந்தால் துணியெல்லாம் புகை வாடை. உடனே எல்லோரும் கீழே இருக்கும் சுயசேவை டோபிக்கு ஓடுகிறோம். துவைக்க அது சரிதான், ஆனால் நல்ல சட்டையை அங்கே உலர்த்தும் இயந்திரத்தில் போடாதீர்கள். அந்தச் சூட்டில்தான் பருத்தி சுருங்குகிறது, காலர்ப் பசை விடுகிறது, எலாஸ்டிக் உள்ள துணி தொய்கிறது. பொத்தான்களைக் கழற்றி, குளிர்ந்த நீரில் துவைத்து, தையல்களை இழுத்து நேராக்கி ஹாங்கரில் மாட்டி மின்விசிறியைப் போட்டுவிடுங்கள். பாப்ளின் ஓர் இரவில் காய்ந்துவிடும். சற்று ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போட்டால் சூடு குறைவாக வைத்தாலும் போதும். காலரை நுனியிலிருந்து நடுவை நோக்கித் தேய்க்க வேண்டும், இல்லாவிட்டால் சுருக்கம் நுனியில் போய் நிற்கும்.

அலமாரிக்குள் வைக்கும் முன் சட்டை முழுதாகக் காய்ந்திருக்க வேண்டும், இஸ்திரி போட்ட சூடும் ஆறியிருக்க வேண்டும். டோபியில் கொடுத்து வாங்கினால் பிளாஸ்டிக் உறையைக் கழற்றி எறியுங்கள். பாச்சை உருண்டை பூச்சிக்குத்தான், பூஞ்சணம் பிடிக்கக் காரணமான ஈரத்தை அது எடுக்காது. ஈரம் உறிஞ்ச, கால்சியம் குளோரைடு போட்ட டப்பா பேரங்காடிகளில் கிடைக்கிறது. அதில் சேரும் நீர் துணியிலோ தோல் பொருளிலோ சிந்தினால் கறை பிடிக்கும், அதனால் அலமாரியின் அடித்தட்டில், துணி தொடாத மூலையில் வையுங்கள்.

நன்றாக வைத்திருக்கும் சட்டையில் முதலில் நைவது காலரின் மடிப்பு. நூல் பிசிர் விட ஆரம்பித்ததும் பழைய தையல்காரர் ஒருவரிடம் கொண்டு போய்க் காலரைத் திருப்பித் தைக்கச் சொல்லுங்கள். காலரைப் பிரித்து, நைந்த பக்கம் அடியில் போகும்படி வைத்துத் தைப்பார்கள். நுனியில் பொத்தான் போடும் காலருக்கு இது ஒத்துவராது, மற்றவற்றுக்குச் சரியாக வரும். மடிப்பில் ஓட்டை விழும் வரை விடாதீர்கள், அப்புறம் புதுக் காலர்தான் வைக்க வேண்டும். அதற்கு அதே துணி வேண்டும். சட்டை வாங்கும்போதே பிராண்டிடம் ஒரு துண்டு கேட்டு வாங்கி, உபரிப் பொத்தானோடு சேர்த்து எடுத்து வையுங்கள்.